பச்சைமுத்துவின் இறுதி ஊர்வலம்

எங்கள் ஆட்டத்தில் நான் ஒரு கண்கட்டு வித்தைக்காரி, பெயர் தனக்கோடி. வாள் சுழற்றத் தெரியாது, நெருப்பு வீசத் தெரியாது. இல்லாததை இருப்பது போலக் காட்டுவேன், அது ஒன்றுதான் என் பிழைப்பு. ஆட்டத்துக்கு வெளியே என் பெயர் ஷோபா. அல்சூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். எழுத்து அட்டையின் கடைசி வரி சுத்தமாகத் தெரியாதவர்கள்கூட அதைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்ததைக் காதில் வாங்கியிருப்பார்கள். கேட்டால் நிஜமாகவே தெரிகிறது என்று சத்தியம் செய்வார்கள்.

ஆட்டம் என்றதும் செல்போனை நினைக்க வேண்டாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதை சொல்லும் ஆட்டம் இது. காடு, கோட்டை, எதிரி எல்லாவற்றையும் பத்ரிநாத் சொல்வார். அதற்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று இருபது முகமுள்ள பகடை சொல்லும். பத்ரி எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர். பையிலிருந்து பர்ஸை எடுக்கும்போது அந்தப் பகடை மேசையில் உருண்டு விழுந்தது, நான் இது என்ன என்று கேட்டேன், மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு மாடியில்தான் இருப்பேன்.

பத்ரி ஐடி கம்பெனிக்காரர், விதி என்றால் விதி என்கிற ரகம். எதிரிக்காக அவர் போடும் பகடையையும் மறைக்காமல், நடுவில் இருக்கும் எவர்சில்வர் தட்டில்தான் போடுவார். எங்கள் ஆள் செத்தால் செத்ததுதான், உயிர்ப்பிக்கும் மந்திரம் எல்லாம் அவர் உலகத்தில் கிடையாது. செத்தவனுடைய விவரம் எழுதிய தாளை மடித்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். அந்த டப்பாவுக்கு எங்கள் ஊர்ச் சுடுகாடான கல்பள்ளியின் பெயரை வைத்தவர் தியோடர் அண்ணா. எங்கள் ஆஸ்டின் டவுனில் பிறந்து, பிரேசர் டவுனில் பெண் எடுத்து, அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாக ஒட்டிக்கொண்டவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறார். ஆட்டத்தில் அவர் வைத்தியம் பார்க்கும் பூசாரி.

என் வித்தைக்கு ஒரு குறை உண்டு. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சத்தம் வராது, வாசம் வராது, தொட்டால் கை உள்ளே போய்விடும். எதிரிக்குச் சந்தேகம் வந்தால் பத்ரி பகடையை உருட்டுவார், பெரிய எண் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் முதலில் நான் ஆகாயம் கொள்ளாத ஒரு தீக்கக்கும் நாகத்தை வரவழைத்தேன். எதிரிகளான ராட்சசர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அனலே அடிக்கவில்லையே என்று சிரித்தார்களாம். பத்ரி அதை நடித்து வேறு காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய புதுக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டு ஒரு பேரிகேடு நிறுத்தியிருந்தார்கள். ஒரு கால் ஒடிந்து, செங்கல்லை முட்டுக்கொடுத்து நின்றது. வந்த வண்டி எல்லாம் வாயைத் திறக்காமல் திரும்பிப் போனது. தோண்டியிருக்கிறார்களா என்று ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ராட்சசக் குதிரைப்படை எங்களைத் துரத்தி வந்தபோது அதே பேரிகேடை, அதே செங்கல்லோடு, காட்டுப்பாதையில் நிறுத்தினேன்.

"காட்டுக்குள்ள பேரிகேடா? சும்னே ஏதாவது சொல்லாதீங்க ஷோபா" என்றார் பத்ரி.

"ரோடுன்னு ஒண்ணு இருந்தா யாராவது தோண்டத்தான் தோண்டுவாங்க. நீங்க டைஸைப் போடுங்க."

மூன்று விழுந்தது. குதிரைப்படை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவழியில் போனது. தியோடர் அண்ணா மேசையைத் தட்டிச் சிரித்தார். "எப்படிம்மா உனக்குத் தோணுது?" என்று கேட்டார்.

"அந்தச் செங்கல்லுதாண்ணா. எல்லாம் சரியா இருந்தாதான் ஜனங்க சந்தேகப்படுவாங்க. நடுவுல ஒரு சின்னத் தப்பை வெச்சிட்டா, அந்தத் தப்பைப் பார்த்துக்கிட்டே மத்ததை நம்பிடுவாங்க."

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

இனி என் தம்பி. மஞ்சுநாத் டூவீலர் ஷெட்டில் மெக்கானிக். அது வாரநாட்களின் வேலை. அவன் உயிர் இருந்தது தமட்டை மேளத்தில். ஆஸ்டின் டவுனில் சாவு விழுந்தால் ஊர்வலத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகிற செட்டில் அவன்தான் முன்வரிசை. "படிச்ச பையனுக்கு எதுக்கு இது" என்று அம்மா கத்துவாள், அவன் காதில் விழாது. யார் வீட்டுத் தாத்தாவாக இருந்தாலும் ராஜா மாதிரி அனுப்பணும்க்கா என்பான். போன வருடம் மழையில் பைக் சறுக்கி வலது மணிக்கட்டு நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். சோறு தின்னலாம், சட்டை போடலாம், ஆனால் மணிக்கட்டு மடங்காது என்றார் டாக்டர். தமட்டையைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்தான். பிறகு ஷெட்டுக்குப் போவதும் நின்றது. செட்டுக்காரர்கள் பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அறையை விட்டுச் சாப்பிட மட்டும்தான் வந்தான், சில நாள் அதற்கும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். "பத்ரி வீட்டு ஆட்டத்துல ஒரு ஆள் குறையுது, நீ வரலைன்னா எல்லாம் நின்னுடும்" என்று புளுகினேன். என்ன நினைத்தானோ, வந்தான். ஒரு காவல்வீரனை எழுதிக்கொண்டான். என்ன பேர் என்று பத்ரி கேட்டதற்கு யோசிக்காமல் பச்சைமுத்து என்றான். ஏதோ வாயில் நுழையாத பெயரை எதிர்பார்த்திருந்த பத்ரி, தனக்கோடிக்குத் துணையாகட்டும் என்று எழுதிக்கொண்டார். பகடையில் விழுந்த எண்ணைத் தவிர மஞ்சு அதிகம் பேசமாட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் குளித்துத் தலை சீவி, எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

ஒருநாள் வீடு திரும்பும்போது அவனாகவே சொன்னான். "பச்சைமுத்து செத்தா நான் வரமாட்டேன்க்கா. இன்னொருத்தனை முதல்லேர்ந்து எழுத எனக்குத் தெம்பு இல்ல." நான் ஏதோ ஜோக்கடித்துப் பேச்சை மாற்றினேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் ராட்சசர்களின் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தோம். என் வித்தைகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பூசாரியின் மருந்துப்பை காலி. பின்னால் ஒரு கூட்டம் துரத்திக்கொண்டு வர, குறுகலான ஒரு சந்தில் பச்சைமுத்து நின்றுவிட்டான்.

"நீங்க போங்க. நான் இவங்களைப் பாத்துக்கறேன்" என்றான் மஞ்சு. அவன் முகத்தைப் பார்த்தேன். வீரம் இல்லை அது, ஒரு நிம்மதி. எல்லாம் முடிந்தால் போதும் என்கிற மாதிரி.

அவன் சந்தை அடைத்து நின்று, வந்தவர்களைச் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தான். விழுந்தவன் ஒவ்வொரு சுற்றிலும் பகடை போட வேண்டும், மூன்று முறை தவறினால் உயிர் போய்விடும். மஞ்சு தட்டைப் பார்க்காமலேயே உருட்டினான். இரண்டு முறை தவறிவிட்டது. விழுந்தவன் பேசக்கூடாது என்பதும் பத்ரியின் விதி, அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு சுனை இருந்தது, அதன் தண்ணீர் பட்டால் பிழைப்பான். சுனைக்கும் எங்களுக்கும் நடுவே ராட்சசப் பட்டாளம் முழுக்க, தளபதியோடு, தெருவை அடைத்து நின்றது.

"என்ன பண்றீங்க ஷோபா?" என்றார் பத்ரி.

பேரிகேடு உதவாது, அவர்கள் எங்கும் போகவில்லை, நிற்கிறார்கள். பயமுறுத்தினால் வாளை உருவுவார்கள். அவர்களாக விலகி வழிவிட வேண்டும். இந்த ஊரில் எதற்கு வழிவிடுகிறார்கள் என்று யோசித்தேன். ஆம்புலன்ஸுக்கே இடம் கிடைப்பதில்லை. மந்திரி கார் போனால் போலீஸ்காரர் நிறுத்துகிறார், அது வழிவிடுவது ஆகாது. பிறகு மஞ்சுவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, வேலை செய்யாத கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அடித்துக்கொண்டு வரும்போது பஸ்காரர்கூட இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது நினைவுக்கு வந்தது.

"சாவு ஊர்வலம்" என்றேன்.

பத்ரி நிமிர்ந்தார். போன மாதம் அவரே வாய் ஓயாமல் வர்ணித்திருந்தார். ராட்சசர்கள் தங்கள் பிணத்துக்குத்தான் மரியாதை கொடுப்பார்களாம். போர் நடுவிலும் ஆயுதத்தைக் கீழே வைத்து, தளபதி முதற்கொண்டு ஒதுங்கி நிற்பார்களாம். சொன்னவர் அவர்தான், இப்போது மாற்ற முடியாது.

"ஒரு கதவைப் பேத்து, பச்சைமுத்துவை அதுல கிடத்தறோம். அது நெஜம். நானும் பூசாரியும் முன்னயும் பின்னயும் தூக்கறோம், அதுவும் நெஜம். அதுக்கு மேல என் வித்தை. அவனுக்கும் எங்களுக்கும் ராட்சச உருவம். கதவு பாடையாயிடும், மேல பூ அலங்காரம். பின்னாடி அழுதுக்கிட்டு ஒரு பத்துப் பேர். பூசாரி குள்ளம், அதனால பாடை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். பூ எறியறவன் பாதிப் பூவைத் தன் தலையிலேயே போட்டுக்கறான். ஒருத்தனுக்கு வேட்டி அவுந்து அவுந்து போவுது."

தியோடர் அண்ணா, "சக்கத்தா இருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று பத்ரியும் ஒப்புக்கொண்டார். "ஆனா உங்க வித்தைக்குச் சத்தம் கிடையாதே. ராட்சசங்க மேளம் இல்லாம பொணம் எடுக்க மாட்டா. ஓசையே இல்லாம ஊர்வலம் வந்தா தளபதி உத்துப் பார்ப்பான். நான் ரெண்டு டைஸ் போடுவேன், எது பெருசோ அதான் கணக்கு."

அது எங்களுக்குச் சாவுமணி. அப்போது தியோடர் அண்ணா, "எங்கிட்ட மருந்து காய்ச்சுற குண்டான் இருக்கு. ஒரு கையால தூக்கிக்கிட்டு, மத்தக் கையால அதை அடிச்சிட்டே வர்றேன்" என்றார்.

"அடிச்சுக் காட்டுங்கோ" என்றார் பத்ரி. எங்கள் மேசையில் அதுவும் ஒரு வழக்கம். வேடம் பாடினால் நாமும் பாட வேண்டும், மந்திரம் சொன்னால் நாமும் சொல்ல வேண்டும்.

தியோடர் அண்ணா மேசையின் விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். டண்டணக்கு என்று துள்ளிக்கொண்டு போயிற்று அது. கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையை அழைத்து வரும்போது அடிக்கிற அடி. எனக்கே தெரிந்தது. பத்ரிக்குத் தெரியவில்லை போல, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தியோடர் அண்ணா இன்னும் உற்சாகமாகி, தோளைக் குலுக்கி, நடுவில் விசில் வேறு அடித்தார்.

"ஐயோ!" என்று ஒரு சத்தம். மஞ்சுதான். "அண்ணா, நிறுத்துங்கண்ணா! பொணத்தைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"விழுந்தவன் பேசக்கூடாது" என்றார் பத்ரி.

மஞ்சு வாயை மூடிக்கொண்டான். தியோடர் அண்ணா, "சரிதானேப்பா இது?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே தட்டினார். என் தம்பியின் தாடை இறுகியது. மாதக்கணக்கில் எந்த உணர்ச்சியும் காட்டாதவன் முகத்தில் அசல் கோபம். எட்டி அந்தப் பிஸ்கட் டப்பாவை இழுத்தான். செத்தவர்களின் தாள்களைக் கீழே கொட்டி, டப்பாவைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் ஒரு பென்சிலைப் பிடித்தான். மடங்காத வலது கையை டப்பாவின் விளிம்பில் சும்மா சார்த்தி, விரல்களை மட்டும் அசைத்தான்.

முதலில் தடுமாறியது. பழகாத கை முந்திக்கொண்டு ஓடியது. நிறுத்தினான், கண்ணை மூடினான், மறுபடியும் தொடங்கினான். நாலாவது ஐந்தாவது சுற்றில் அது வந்துவிட்டது. எங்கள் தெருவின் அடி. முதலில் மெதுவாக நடந்து, முக்கில் திரும்பும்போது வேகமெடுத்து, பிறகு சட்டென்று அடங்கி ஒரு மூச்சு விடுமே, அதே அடி. தகர டப்பாவில் அது இன்னும் கணீரென்று கேட்டது. தியோடர் அண்ணா தன் கையை எடுத்துக்கொண்டார். நான் மேசையில் பார்வையைப் பதித்துக்கொண்டேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

பத்ரி விதி எதையும் பேசவில்லை. தளபதிக்காக இரண்டு பகடைகளையும் கையில் எடுத்துத் தட்டின் மேல் குலுக்கினார்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பத்ரியின் அம்மா பாகீரதி மாமி, தூக்கக் கலக்கத்தில், முடிந்தும் முடியாத கொண்டையோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஏனாயித்துடா பத்ரி? யாரு? எதிராத்து மாமாவா? காத்தால பேப்பர் எடுக்க வந்தாரே, நன்னாத்தானே இருந்தார்!"

"யாரும் போகலம்மா..."

"மேளம் கேட்டுதேடா! டிவியை அணைச்சுட்டு, வாசக்கதவைச் சாத்திட்டு ஓடி வரேன்!"

மஞ்சுவின் கை நின்றது. எழுந்து நின்றான். டப்பா இன்னும் வயிற்றோடு ஒட்டியிருந்தது. "சாரி மாமி, நான்தான். ஆட்டத்துல ஒருத்தன் சாவுற மாதிரி கிடக்கான், அதான்."

மாமி அவனையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆத்துக்குள்ள இதெல்லாம் அடிக்கப்படாது" என்றார். படியிறங்கத் திரும்பியவர் நின்றார். "நெஞ்சே நின்னுடுத்துப்பா எனக்கு. நன்னா அடிக்கறே. ஆனா இங்க வேண்டாம்."

அவர் இறங்கிப் போனார். பத்ரி கையைத் திறந்து அந்த இரண்டு பகடைகளையும் பார்த்தார். பிறகு அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தனை மாதத்தில் அவர் பகடை போடாமல் விட்டது அன்றுதான்.

"ராட்சசங்களுக்கு எதுக்கு டைஸ்?" என்றார். "எங்கம்மாவே நம்பிட்டா. தளபதி கத்தியைக் கீழ வெச்சுட்டு ஓரமா நிக்கறான். தலைப்பாகையையும் கழட்டிட்டான். நீங்க போங்கோ."

போனோம். ராட்சசர்கள் இரண்டு பக்கமும் தலைகுனிந்து நிற்க, பாடை ஒரு பக்கம் சாய்ந்தபடி, எனக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்தவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க, வாசலைத் தாண்டி, பச்சைமுத்துவைச் சுனையில் இறக்கினோம். அவன் கண்ணைத் திறந்தான். மஞ்சு கீழே சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினான். தன் தாளை மட்டும் நீவி மேசைமேல் வைத்துக்கொண்டான். ஆண்டவனுக்கும், மாமியின் காதுக்கும், பெயர்கூட இல்லாத அந்தத் தளபதிக்கும் நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது மஞ்சு பொருமிக்கொண்டே வந்தான். "அந்தத் தியோடர் அண்ணாவுக்குக் காதே இல்லக்கா. எங்க ஏரியாவுல பொறந்தவராம், வெக்கமா இல்ல? சாவு அடிக்கும் கல்யாண அடிக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்!" வீடு வரைக்கும் திட்டினான். இத்தனை வார்த்தைகளை அவன் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலமாயிற்று! திட்டுடா ராஜா, நல்லாத் திட்டு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பீரோவின் மேலிருந்ததை இறக்கினான். இவ்வளவு நாள் மாட்டியதற்கு எதிர்த்தோளில் மாட்டிப் பார்த்தான். அடிக்கிற வேலை இனி இடது கைக்கு. பிளேட் வைத்த கை விளிம்பில் சாய்ந்து, மெல்லிய குச்சியை விரல்களால் சுண்டினால் போதும். அதைப் பழகுகிறேன் என்று அவன் செய்த அமர்க்களத்தில் பக்கத்து வீட்டார் எங்களோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

போன வாரம் ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவர் காலமானார். கிரவுண்டில் பிராக்டிஸ் முடித்துவிட்டு வந்த தியோடர் அண்ணா, என்னைப் பார்த்ததும் ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தினார். ஊர்வலம் வந்தது. ஆட்டோக்கள் நின்றன, ஒரு பஸ் இன்ஜினை அணைத்தது. முன்வரிசையில் என் தம்பி. தமட்டை எதிர்த்தோளில், வியர்த்து ஊற்றும் முகத்தில் அவனுடைய பழைய கர்வம்.

முக்கில் அடி வேகமெடுத்தது. என் பக்கத்திலும் அதே அடி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தியோடர் அண்ணா ஊர்வலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய விரல்கள் ஸ்கூட்டர் சீட்டில் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு தட்டு பிசகவில்லை. வேகமெடுக்கும் இடம், சட்டென்று அடங்கும் இடம், நடுவில் விடுகிற அந்த ஒரு மூச்சு எல்லாம் மஞ்சுவோடு ஒட்டிக்கொண்டு போயிற்று.

நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், நடுவில் ஒரு தப்பை வை என்று. இரண்டு தடவை சொன்னேன்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். விரல்கள் நின்றன.

"தேங்க்ஸ்ண்ணா" என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார் தியோடர் அண்ணா. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, சீட்டில் டண்டணக்கு டண்டணக்கு என்று கல்யாண அடியைத் தட்ட ஆரம்பித்தார்.